ஒரே ஃபைலுக்கு ஆயிரம் பெயர்

பம்பாய்
12.8.86

வசந்தாமணிக்கு,

நான் சொகம். ஊட்டுல எல்லாரும் சொகந்தானே? அப்பாவுக்கு முட்டிவலி தேவலையா? கடலைக்காட்டுக்கு மழை பேஞ்சுதா?

இந்த வாரம் ஆபீஸ் பூரா என் பேச்சுத்தான்! கம்ப்யூட்டர்ல டிஸ்க் நிறைஞ்சு வேலை நின்னுபோச்சு. பார்த்தா, ஒரே விலைப்பட்டியலை ஒவ்வொரு ஏஜெண்டு பேர்லயும் தனித்தனியா நகல் எடுத்து வச்சிருக்காங்க. போட்டோவுல மட்டும் பார்த்த நம்ம பையனை நினைச்சேன். மாமனார் பேருங்கறதால நீ 'மயில்சாமி'ன்னு வாய் திறக்க மாட்டே. அம்மா 'ராசா'ங்கறாங்க. ஆளுக்கொரு பேர் சொன்னாலும் தொட்டில்ல கிடக்கறவன் ஒருத்தன்தானே! நகலையெல்லாம் அழிச்சுட்டு, ஒரே ஃபைலுக்கு எல்லாப் பேரையும் மாட்டினேன். ஆயிரம் பேரை மாட்டினதும் மெஷின் மறுத்துருச்சு, ஒரு ஃபைலுக்கு அதுக்கு மேல பேர் வைக்க முடியாதாம். மேனேஜர் முகம் சுண்டிப்போச்சு. நான் விடுவனா? இன்னும் ஒரே ஒரு நகல் எடுத்து, மிச்சப் பேரை அதுல மாட்டினேன். டிஸ்க்ல பாதி காலி! மேனேஜரே எந்திரிச்சு வந்து கை குலுக்கினார்.

தீபாவளிக்கு வாரேன். மெஸ் சோறு இறங்கறதில்லை, பருப்புப்பொடி இடிச்சு அனுப்பு. பையனை நீ என்ன பேர் சொல்லிக் கூப்பிடறேன்னு மறக்காம எழுது. வந்ததும் நான் அதைச் சொன்னாத்தானே திரும்பிப் பார்ப்பான்.

தபால் எடுக்கற நேரமாச்சு.

வேலுசாமி