அந்த வலி மாத்திரை வேண்டாம்

அண்ணா,

நீ அசந்து தூங்கினாய், எழுப்பவில்லை. சாப்பாடு அடுப்பின் மேல் மூடியிருக்கிறது.

உன் சட்டைப்பையிலிருந்த வலி மாத்திரையை நான்தான் எடுத்தேன். அதைப் போடாதே என்றதற்கு, "நீ என்ன டாக்டரா?" என்று நேற்று காலை கத்தினாயே. அதனால் சாயங்காலம் டாக்டரிடமே கொண்டுபோய்க் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. "உங்க அண்ணனுக்கு ஏற்கெனவே கிட்னி பலவீனமா இருக்கு. இதுல ஒண்ணுகூடப் போடக் கூடாது" என்றார். அதை உனக்குக் கொடுத்தாரே, உன்னோடு பஸ் ஓட்டுகிறவர், அவருக்கு அது பலன் தந்திருக்கலாம். உன் உடம்பு வேறு.

கௌட் என்கிற இந்த மூட்டு வீக்கம் வற்ற வேறு மாத்திரை கொடுத்திருக்கிறார். மேசைமேல் வெள்ளை உறையில் இருக்கிறது, சாப்பிட்ட பிறகு போடு. யூரிக் அமிலத்துக்குத் தினமும் போடுவதை, வலிக்கிறதே என்று நிறுத்திவிடாதே. விட்டுவிட்டுப் போட்டால் வலி திரும்பத் திரும்ப வருமாம்.

மதியம் ரத்தம் எடுக்க ஆள் வருவார். கதவைத் திறக்க நீ எழுந்திருக்க வேண்டாம். கீழ்வீட்டு அக்காவிடம் சாவி கொடுத்திருக்கிறேன்.

தம்பி

தாளில் இடமில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். நேற்று ராத்திரி நீ குளியலறைக்குத் தவழ்ந்து போனதைப் பார்த்தேன். நீ கூசிப்போவாய் என்று திரும்பிப் படுத்துக்கொண்டேன். இனிமேல் என்னைக் கூப்பிடு. கோபமாகவே கூப்பிடு, வருகிறேன்.