மார்னியின் புதுப் பெயர்

மே 6, செவ்வாய்
பள்ளியில் 'என் குடும்பப் பெயர்' என்று கட்டுரை கேட்டிருக்கிறார்கள். அப்பாவின் தாத்தா இத்தாலியிலிருந்து இந்த போர்ட் பிரீ துறைமுக ஊருக்கு மீன்பிடிக்க வந்தவர். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. அப்பாவைக் கேட்டால், "எஸ்போசிட்டோன்னா எஸ்போசிட்டோதான். அர்த்தம் தெரிஞ்சா வலையில நாலு நண்டு கூடுதலா விழுமா?" என்கிறார்.

மார்னிக்கு ஏழு வயது. இரண்டு வருடமாக எங்களோடுதான் வளர்கிறாள். ஜூன் 12 அன்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டால் சட்டப்படி என் தங்கை. நீதிபதி அவள் சம்மதத்தையும் கேட்பாராம். கிடைக்கிற தாளிலெல்லாம் 'மார்னி எஸ்போசிட்டோ' என்று எழுதிப் பழகுகிறாள்.

மே 9, வெள்ளி
நூலகத்தில் கண்டுபிடித்தேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

எஸ்போசிட்டோ — வெளியே விடப்பட்டது. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகர அனாதை இல்லத்தில் யாரோ விட்டுப்போன குழந்தைகளுக்கு வைத்த பெயர். ஸ்பெயினிலும் கிட்டத்தட்ட இதே பெயர்தான். பிரான்சில் 'ட்ரூவே', கண்டெடுத்த பிள்ளை. இத்தாலியிலேயே 'தியோதல்லேவி' என்றும் ஒன்று இருக்கிறது: கடவுள் உன்னை வளர்க்கட்டும். எங்களுக்கு அதுவாவது வாய்த்திருக்கக் கூடாதா?

என் வகுப்புத் தோழி பிரான்வின் என் தோளுக்கு மேல் எட்டிப் படித்துவிட்டாள். "அய்யோ, உங்க வம்சமே தொலைஞ்ச சாமான் பெட்டியாடி!"

பெற்ற அம்மா விட்டுப்போன மார்னியிடம் இதை எப்படிச் சொல்வேன்?

மே 12, திங்கள்
'கடலோடிகள்' என்று பொருள் எழுதிக் கொடுத்துவிட்டேன். பொய்.

மே 15, வியாழன்
மார்னி என் நூலகக் குறிப்புகளைப் படித்திருக்கிறாள். மூன்று நாளாக அந்தப் பெயரை எழுதவே இல்லை. "ஸ்கூல்ல யாராச்சும் அடிச்சாங்களா?" என்று அம்மா அவளைக் கேட்கிறாள். என் தப்பு. என்னை நானே திட்டிக்கொள்கிறேன்: வாயைத் தொறந்து சொல்லேன்டி ஓர்னெல்லா!

மே 18, ஞாயிறு
படகுத்துறையில் நானும் அவளும் நண்டு வலை போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். எல்லாவற்றையும் சொன்னேன்.

"உங்க எல்லாரையும் யாரோ விட்டுட்டுப் போனாங்களா?"

"இல்ல. ரொம்ப காலத்துக்கு முன்னாடி, ஒரே ஒரு பாப்பாவை."

"அதுக்கு யாரு சாப்பாடு குடுத்தா?"

"தெரியலையே. யாரோ குடுத்திருக்காங்க. இல்லன்னா அப்பா ஏது, நான் ஏது?"

கயிற்றை இழுத்துப் பார்த்தாள். வலை காலி. மறுபடி இறக்கினாள்.

"அப்ப அந்தப் பாப்பாவும் நானும்தான் நிஜ எஸ்போசிட்டோ. நீ சும்மா."



மே 19, திங்கள்
கட்டுரையைத் திருத்திக் கொடுத்தேன். தாமதத்துக்கு மதிப்பெண் குறையுமாம். குறையட்டும்.

ஜூன் 12, வியாழன்
நீதிபதி, "இந்தப் பேரு உனக்குச் சம்மதமா?" என்றார்.

"அது ஏற்கெனவே என்னோடதுதான்," என்றாள் மார்னி. எங்களைக் கை காட்டி, "அவங்களும் வெச்சுக்கலாம்."

அப்பா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

ஜூன் 13, வெள்ளி
என் பென்சில் பெட்டியில், அப்பாவின் நண்டு வாளியில், இந்த நோட்டின் அட்டையில் — எல்லாவற்றிலும் 'மார்னி எஸ்போசிட்டோ'. அழியாத மையால்.