வெந்நீர்க் கிண்ணம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. அங்கே நீ சுகமாக இருக்க வேண்டும். இங்கேயும் அப்படியே என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை.

அப்பாவுக்கு மறதி முற்றிவிட்டது. ஊரார் ஃபிரிட்ஜையெல்லாம் பழுது பார்த்த மனிதருக்கு இப்போது தன் செருப்பு எதுவென்று தெரியவில்லை, ஆனால் வேலைக்கென்று ஊரைவிட்டுக் கிளம்பும்போது நீ விளையாட்டாகச் சொன்னது மட்டும் கல்மேல் எழுத்தாக நிற்கிறது. வெந்நீர் சில நேரம் பச்சைத் தண்ணீரை முந்திக்கொண்டு உறைகிறதாமே, ஏன் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது, அதைக் கண்டுபிடித்ததும் முதல் வண்டியில் வந்துவிடுவேன் என்றாயே, அதுதான். "நாமளே கண்டுபிடிச்சிட்டா பொண்ணு சீக்கிரம் வந்துடுவா" என்று தினமும் இரண்டு கிண்ணத்தில் வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் ஊற்றி ஃபிரீசரில் வைக்கிறார். கதவைத் திறந்து திறந்து பார்ப்பதில் பால் கெட்டுப்போகிறது. உன் அண்ணன் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பூட்டுப் போட்டான், அன்று முழுக்க மனிதர் சாப்பிடவில்லை, நான்தான் பூட்டைக் கழற்றினேன். போன வாரம் வெந்நீரைக் கையில் கொட்டிக்கொண்டார். கொப்புளத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, தண்ணீர் சிந்திப்போச்சே என்றுதான் அழுதார்.

அந்தப் பாழாய்ப்போன தண்ணீராவது ஒரு சொல்லில் நிற்கிறதா? ஒரு நாள் வெந்நீர் முந்துகிறது, மறுநாள் பச்சைத் தண்ணீர். கிண்ணத்தை மாற்றினாலும் இடத்தை மாற்றினாலும் பிடி கொடுக்க மாட்டேன் என்கிறது. நீயும் போனில், "விஞ்ஞானிகளுக்குள்ள இன்னும் சண்டைதாம்மா, அப்படி ஒண்ணு நடக்கவே இல்லைன்னு சொல்றவங்களும் இருக்காங்க" என்றாய். எனக்குப் பொறுக்காமல், கண்டுபிடித்துவிட்டார்களாம் என்று ஒரு பொய் சொல்லிப் பார்த்தேன். உடனே சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்தார். இருட்டிய பிறகும் உள்ளே வரவில்லை. இனி அந்தப் பொய்யைச் சொல்ல மாட்டேன் மகளே, எனக்குத் தெம்பில்லை.

உன்னைக் குறை சொல்லவில்லை. உனக்கு வேலை, விடுப்பு கிடைக்காது, எல்லாம் தெரியும். ஆனால் நேற்று சுவரில் இருக்கும் உன் படத்தைக் காட்டி, "இது யாரு, நம்ம பொண்ணு ஜாடையா இருக்கே" என்று கேட்டார். கேட்டுவிட்டு, வெந்நீர் போட அடுப்படிக்குப் போனார்.

நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். குளிரில் காதை மூடிக்கொள். விடை கிடைக்காவிட்டால் போகிறது, வா.

என்றும் உன்னை நினைத்திருக்கும்,
அம்மா