அறுத்த கம்பிகள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே யாரும் நலமில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். பதவி உயர்வு வந்ததாகக் கேள்விப்பட்டேன். நீ போனை எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம்.

அத்தானை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். நீங்கள் கட்டும் அடுக்குமாடிக் குடியிருப்பில், மூன்றாம் மாடிச் சுவரின் இணைப்பில் விரிசல் விட்டதற்கு அவருடைய கவனக்குறைவான பூச்சுதான் காரணமாம். அதைப் பூசி மெழுகிவிட்டு வெள்ளிக்கிழமை வீடுகளை ஒப்படைக்கப் போகிறார்களாம். உத்தரவின் கீழே இன்ஜினியர் என்று உன் கையெழுத்து. கண்ணாடியை இரண்டு தடவை துடைத்துவிட்டுப் பார்த்தேன்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து ஐரோப்பாவில் ஊர் ஊராக இடிந்து கிடந்தபோது, ஆலையில் சுவர் வார்த்து, லாரியில் கொண்டுபோய்ப் பொருத்தித்தான் லட்சக்கணக்கானவர்களைக் குடியேற்றினார்கள் என்று என் வீட்டில் உட்கார்ந்து எவ்வளவு பெருமையாகச் சொன்னாய்! அதைக் கேட்டுத்தான் அத்தான் கொத்து வேலையை விட்டுவிட்டுச் சுவர் பொருத்த வந்தார்.

அக்காவுக்கு என்ன தெரியும் என்று நினைக்காதே. கீழ்ச்சுவரின் தலையில் நீட்டியிருக்கும் கம்பிகள் மேல்சுவரின் அடித்துளைகளில் இறங்க வேண்டும். அதில் கலவையைச் செலுத்தினால்தான் இரண்டும் ஒன்றாகும். உங்கள் ஆலையில் அச்சைத் தப்பாக வைத்ததில் துளைகள் இரண்டு விரல் தள்ளி வந்தன. கிரேனில் சுவர் தொங்கிக்கொண்டிருக்க அத்தான் உனக்குப் போன் செய்தார். "கம்பிய அறுத்துட்டு உக்கார வைங்க அத்தான், கலவையே பிடிச்சுக்கும், நான் பாத்துக்கறேன்" என்றாய். அறுத்தார். ஒன்றல்ல, நாலு சுவர். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாய், போ.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று நினைக்கிறாய். அத்தானும் உனக்காக வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார். "சொன்னா உன் தம்பி ஜெயிலுக்குப் போவான்டி" என்கிறார். அவர் வேலைக்குப் போன கடைசி நாள் அந்த மாடிக்குக் குடி வரப்போகும் பெண் ஒருத்தி ஜன்னலுக்குத் திரை அளக்க வந்தாளாம். "இங்க தொட்டில் கட்டினா புள்ள மேல வெயில் படுமாண்ணே?" என்று கேட்டாளாம். அன்றிலிருந்து இவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. உன்மேல் எனக்குக் கோபம் அல்ல, அருவருப்பு. எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

வியாழக்கிழமைக்குள் வா. அதிகாரிகளிடம் நீயே சொல்லி ஒப்படைப்பை நிறுத்து. நீ வராவிட்டால் வெள்ளிக்கிழமை காலை நான் போய்ச் சொல்வேன், உன் பெயரையும் சேர்த்துத்தான். நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் அன்றைக்கும் கும்பிட்டுவிட்டுப் போவேன்.

உன் அக்கா