ஒன்பதாயிரத்து அறுநூறும் நாலாயிரத்து எண்ணூறும்

02.09.1997
விடைத்தாள் திருத்தி முடியவில்லை, எரிச்சல்தான் மிச்சம். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் தரவு வேகமும் மீடிறனும், அதாவது ஃப்ரீக்குவென்சியும், ஒன்று என்றே எழுதியிருக்கிறார்கள். எத்தனை தரம் படிப்பித்தேன்! மின்னழுத்தம் ஏறினால் ஒன்று, இறங்கினால் பூச்சியம். ஏறி இறங்கினால்தான் ஒரு முழு அலை. அந்த ஒரு அலைக்குள் இரண்டு பிட். செக்கனுக்கு 9600 பிட் போனால், அலை ஆகக்கூடினது 4800 தான். மண்டைக்குள் என்ன, களிமண்ணா?

05.09
தம்பி பகீரதனைச் சென்றியில், றோட்டுச் சோதனைச் சாவடியில், பிடித்துவிட்டார்கள். பையில் இருந்தது அவன் வேலைசெய்யும் கொம்பனியின் பெட்டி. கொட்டாஞ்சேனையில் ஒரு கடையில் பொருத்தக் கொண்டுபோனவன். ஒரு கொம்பியூட்டரிலிருந்து இன்னொன்றுக்குக் கம்பி வழியே செக்கனுக்கு 9600 பிட் தரவு அனுப்புகிற சாமான், அவ்வளவுதான். ரேடியோ இல்லை, அன்ரனா இல்லை. ஆர் கேக்கிறாங்கள்? தமிழன்ர பையில வயர் இருந்தாக் காணும், உளவு எண்டு பிடிப்பாங்கள்!

06.09
பொலிசுக்கு நானே போனேன். படித்தவள் விளங்கப்படுத்தினால் விட்டுவிடுவார்களாம் — என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். இந்தப் பெட்டியின் ஃப்ரீக்குவென்சி எவ்வளவு என்று சார்ஜன்ட் சிங்களத்தில் கேட்டான். 4800க்கு மேல் போகாது என்றேன். மேசையில் ஓங்கி அடித்தான். உன் தம்பி 9600 என்கிறான், இரண்டு பேரில் யார் பொய் என்றான். அவன் சொன்னது வேகம், நான் சொன்னது மீடிறன், இரண்டும் சரி என்றேன். கையை ஏற்றி இறக்கிக்கூடக் காட்டினேன். சிரித்துவிட்டு, வாக்குமூலங்கள் முரண் என்று எழுதினான். நாசமாப் போவான்!

09.09
பார்க்க விடவில்லை. சாப்பாட்டுப் பார்சலையும் திருப்பித் தந்துவிட்டார்கள்.

12.09
புதுக்கடையில் லோயர் நமசிவாயத்தின் கந்தோருக்கு ஆலோசனை கேட்கப் போனேன். நான் தொடங்கியதுமே கையைக் காட்டி நிறுத்தினார்.
"தங்கச்சி, கோட்ஸில அலையும் பிட்டும் ஆர் கேக்கப்போயினம்? 'எனக்கு உது தெரியாது, பிழையாச் சொல்லிப்போட்டன்' எண்டு நீங்கள் எழுதிக் குடுங்கோ. பெடியனை விடுவினம்."
"உதைத்தானே ஐயா நான் படிப்பிக்கிறன்!"
"தம்பி வேணுமோ, படிப்பு வேணுமோ?"
எழும்பி வெளியே வந்தேன். வெள்ளவத்தை வரும்வரை பஸ்ஸில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். சரியானதை ஏன் பிழை எண்டு சொல்லவேணும்? எனக்கென்ன விசரா?

15.09
பொலிசுக்குப் போய்க் கையெழுத்து வைத்தேன். 'எனக்கு இது பற்றி அறிவில்லை.' முதலிலேயே சொல்லியிருக்கலாமே மிஸ் என்று சார்ஜன்ட் இளித்தான். அவன் முகத்தில் காறித் துப்பவேண்டும் போலிருந்தது.

18.09
பகீரதன் வந்துவிட்டான். இடது காது கேட்கவில்லை. வலப்பக்கம் இருந்து கதைத்தேன்.
"ஏன்டா இப்பிடி அடிச்சவங்கள்?"
"அக்கா சொன்னது பொய் எண்டு சொல்லட்டாம். சொன்னால் விடுவாங்களாம்."
"சொல்லித் துலைச்சிருக்கலாமேடா!"
"எப்பிடிச் சொல்லுறது? நீங்கள் சொன்னது சரிதானே அக்கா."
நான் கையெழுத்து வைத்ததை அவனுக்கு இன்னும் சொல்லவில்லை.