சலவைக்கடைக்காரியின் குரல்

என் அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். உன் நலத்தைப் பத்திரிகையில் வரும் போட்டோவைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். கடைசியாக வந்ததில் கொஞ்சம் இளைத்துத் தெரிந்தாய். போனில் கேட்டிருக்கலாம்தான். ஆனால் போனில் நாம் பேசினால் உடம்பு எப்படி, மழை உண்டா என்பதோடு முடிந்துவிடுகிறது. நாலு வருஷமாக அப்படித்தானே. அதனால்தான் காகிதத்தை எடுத்து உட்கார்ந்துவிட்டேன்.

அப்பாவுக்குக் காது மெஷின் வாங்கியாயிற்று. மாட்டிய அன்றைக்கே, இந்த வீட்டில் எல்லோரும் தேவைக்கு மேல் பேசுகிறீர்கள் என்று சொல்லிக் கழற்றி வைத்துவிட்டார். உன் அத்தான் வழக்கம்போல சினிமா செட்டுக்குப் பலகை அறுக்கிறார். போன வாரம் ஒரு நீதிமன்றம் கட்டினார். இந்த வாரம் அதே பலகையில் ஆஸ்பத்திரி. நீதிபதி உட்கார்ந்த மேடையில் இப்போது நோயாளி படுத்திருக்கிறாராம். என் மகள் எடிட்டிங் படிக்கிறாள். நடிக்க ஆசை இல்லையா என்று கேட்டதற்கு, “உன்னைப் பாத்தேன், சித்தியையும் பாத்தேன், வெட்டுற வேலைதான் நிம்மதி” என்கிறாள்.

நான் முழுநேர டப்பிங்காரி ஆகி எட்டு வருஷம் ஆகிறது. யோசித்துப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. இரண்டு படத்தில் கதாநாயகி, அதில் ஒன்று பெட்டியை விட்டே வெளியே வரவில்லை. அப்புறம் கதாநாயகியின் தோழி. அப்புறம் அண்ணி. என்னோடு ஜோடியாக ஆடிப்பாடிய அதே நடிகருக்குப் பத்தே வருஷத்தில் அம்மாவாக நடிக்கக் கூப்பிட்டார்கள். அவருக்கு மட்டும் வருஷத்துக்கு வருஷம் முடி கருத்துக்கொண்டே போனது. முடியாது என்று சொல்லிவிட்டு டப்பிங் தியேட்டருக்குள் நுழைந்தவள்தான். வக்கீல், கொலைகாரி, ராணி, ஒருதடவை பேசும் பூனை என்று எல்லாமாகவும் பேசிவிட்டேன். கேமரா முன்னால் கிடைக்காத வேஷமெல்லாம் அந்தக் கண்ணாடி அறைக்குள் கிடைத்தது.

இப்போது எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் டப்பிங் பொறுப்பாளர் கூப்பிட்டார். யாரையும் அதட்டத் தெரியாத மனுஷர். வேறு மொழிப் படம், தமிழுக்கு வருகிறது, முக்கிய வேஷம், நாலு நாள் வேலை என்றார். வளையலைக் கழற்றி வைத்தேன். வயிறு சத்தம் போட்டால் மைக் பிடித்துவிடும் என்பதால் இரண்டு பிஸ்கட் தின்றேன். உள்ளே போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தால், திரையில் டைரக்டர் என்று உன் பெயர். அடுத்த காட்சியில் சலவைக்கடை.

ஒரு வருஷம் தினமும் நீ எனக்குப் போனில் படித்துக்காட்டிய கதை. நான்தான் சலவைக்கடைக்காரியாகப் பேசிப் பேசிக் காட்டுவேன். நீ எழுதிக்கொள்வாய். அந்த வேஷம் எனக்குத்தான் என்று நீ ஒருநாளும் சொல்லவில்லை. நானாக நினைத்துக்கொண்டேன். பிறகு ஒரு காலையில், “அக்கா, அதுக்கு வேற ஆளைப் போட்டுட்டேன்” என்று செய்தி அனுப்பினாய். நான் “சரி” என்று ஒரு வார்த்தை அனுப்பினேன். அந்தப் படத்தை இதுவரை நான் பார்க்கவே இல்லை. உனக்கும் இது தெரியும் என்று நினைக்கிறேன்.

தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்து உன் அத்தானுக்குப் போன் செய்தேன். ரம்பச் சத்தத்துக்கு நடுவில் எல்லாம் கேட்டுக்கொண்டார். “பிடிக்கலைன்னா வந்துடு. ஆனா வேற யாராவது பேசி வெச்சா, அதுக்கும் நீதான் உக்காந்து வருத்தப்படுவே” என்றார். வெந்நீர் குடித்துவிட்டு உள்ளே போனேன்.

முதல் இரண்டு நாளும் வேலை ஓடியது. சலவைக்கடைக்காரி பேசி முடித்துக் கதவைச் சாத்திவிட்டுப் போகிறாள். உடனே திரும்பி வந்து இன்னொன்று சொல்கிறாள். மறுபடி போகிறாள், மறுபடி வருகிறாள். கோபம் வந்தால் மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடிக்கிறாள். ஒலிப்பதிவாளர், முதல் டேக்கிலேயே எப்படி உதட்டோடு இவ்வளவு ஒட்டுகிறது என்று கேட்டார். ஒட்டாமல் என்ன செய்யும்? அவள் பேசுவது என் பேச்சு. போனில் என்னைப் பேசவிட்டு என்னையே எழுதியிருக்கிறாய்.

மூன்றாம் நாள் அந்தக் கடைசிக் காட்சி. படத்தில் அவளுடைய தங்கை பெட்டியோடு நிற்கிறாள். சலவைக்கடைக்காரி, “நீ போ, நான் பாத்துக்கறேன்” என்கிறாள். நாலே சொல். நான் பேசினேன். பொறுப்பாளர் இன்னொரு தடவை என்றார். பேசினேன். இன்னொரு தடவை. ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ, அவர் உள்ளே வந்து மெதுவாகச் சொன்னார்: “அவங்க அழலைங்க. நீங்கதான் அழறீங்க.”

அப்போதுதான் அந்த நடிகையின் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். அதுவரை அவளை நான் பார்க்கவே இல்லை, என் இடத்தில் நிற்கிறவள் என்றுதான் பார்த்தேன். அவள் இஸ்திரிப் பெட்டியின் சூட்டை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே அதைச் சொல்கிறாள். அடுத்த துணிக்குச் சூடு போதுமா என்பதுதான் அப்போது அவள் கவலை. தங்கை போன பிறகும் அழவில்லை. ஒரு சட்டையை எடுத்து விரிக்கிறாள். பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் தாங்கவில்லை.

நான் நடித்திருந்தால் அங்கே கொட்டித் தீர்த்திருப்பேன். நன்றாகத்தான் அழுதிருப்பேன். பார்க்கிறவர்களும் அழுதிருப்பார்கள், தெருவுக்கு வந்ததும் மறந்திருப்பார்கள். உனக்கு அது அன்றைக்கே தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரிய நாலு வருஷமும் ஏழு டேக்கும் ஆயிற்று. பொறாமை போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். கொஞ்சம் இருக்கிறது. ஆனால் உன்மேல் இல்லை.

எட்டாவது டேக்கில் சரியாக வந்தது. ஒலிப்பதிவாளர் யாரும் கேட்காமலே அதை இன்னொரு தடவை போட்டுக் கேட்டார். எனக்கு வாழ்க்கையில் கிடைத்த பெரிய விருது அதுதான்.

வேலை முடிந்து கிளம்பும்போது பொறுப்பாளரிடம், என்னை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள், எத்தனை பேருடைய குரலைக் கேட்டீர்கள் என்று விசாரித்தேன். “நாங்க எங்க தேர்ந்தெடுத்தோம்? டைரக்டர் ஆபீஸ்லேர்ந்து பட்டியல் வந்துச்சு. அதுல ஒரே பேருதான் இருந்துச்சு” என்றார்.

பஸ் நிறுத்தத்தில் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டேன்.

இதை நீ நேராகவே என்னிடம் கேட்டிருக்கலாம். நான் முடியாது என்று சொல்லிவிடுவேன் என்று பயந்தாயா? சொல்லியிருப்பேன்தான். அன்றைக்கு நானும் “சரி” என்பதற்குப் பதில் “ஏன்” என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நீ சொல்லியிருப்பாய், நான் சண்டை போட்டிருப்பேன், ஒரு வாரத்தில் முடிந்திருக்கும்.

அடுத்த மாதம் இந்தத் தமிழ்ப் பிரதியைக் குழுவுக்குப் போட்டுக் காட்டுகிறார்களாம், நீயும் வருவாய் என்று பேச்சு. ஓட்டல் அறை போட்டுத் தருகிறேன் என்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நேராக வீட்டுக்கு வா. உன் பக்கத்தில் உட்கார்ந்து முழுப்படத்தையும் பார்க்கவேண்டும். நடுவில் நீ என் முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்க்கவேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.

எடுக்கும் படமெல்லாம் நீ நினைத்தபடியே வரட்டும். யாரைப் போடவேண்டும் என்று உன் மனசுக்குத் தோன்றுகிறதோ அவரையே போடு, யார் முகத்துக்காகவும் மாற்றாதே. வேளைக்குச் சாப்பிடு. வரும் தேதியை மட்டும் உன் ஆபீஸ் மூலமாகச் சொல்லி அனுப்பாமல், நீயே எனக்குச் சொல்லு.

என்றும் உன்மேல் பிரியமுள்ள,
அக்கா