மண்ணெண்ணெயா, டீசலா

பிப்ரவரி 3, செவ்வாய்

கிளப் செயலர் மறுபடியும் போன் செய்தார். எங்கள் கிளப்பில் மாடல் ஜெட் விடுகிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். ஆளுக்கொரு எரிபொருளைத் தூக்கிக்கொண்டு வருவதற்குப் பதில், எல்லோருக்கும் பொதுவாக ஒரே பீப்பாய் வாங்கிவிடலாம் என்று வெகுநாளாகப் பேச்சு. மண்ணெண்ணெயா, டீசலா? சோதித்துச் சொல்லும் வேலை என் தலையில். அந்த ஜெட்டுகளின் டர்பைன் எஞ்சினைப் பிரித்துத் திரும்ப மாட்டத் தெரிந்தவள் அங்கே நான் ஒருத்திதான். செயலர் பத்திரமாக இறக்கிய விமானத்தைவிட, விழுந்து நொறுங்கிப் பொறுக்கிய விமானம் அதிகம்.

அவசரமே இல்லை, உடம்பைப் பார்த்துக்கொள் என்றார். அவசரம் இல்லாதவர் எதற்கு வாரத்துக்கு மூன்று தரம் கூப்பிடுகிறார்? மாதக் கடைசிக்குள் சொல்லிவிடுகிறேன் என்றேன். மார்ச் முதல் தேதி அக்கா ஊருக்கு டிக்கெட் எடுத்திருக்கிறது. போவதற்குள் ஒரு வேலையாவது முடியட்டும்.

பிப்ரவரி 4, புதன்

நான் வேலை பார்க்கிற கண்ணாடிக் கடையில் இன்று ஒருவருக்கு இடக்கண் லென்ஸைத் தேய்த்து வலப்பக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டேன். பாவம், போட்டுக்கொண்டு வாசல்வரை நடந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். முதலாளியே வாங்கி மாற்றிக் கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலை.

பிப்ரவரி 7, சனி

இவரிடம் சாவி வாங்கிப் பின்பக்க ஷெட்டைத் திறந்தேன். அக்டோபரில் பூட்டியது.

அப்போதே இந்தச் சோதனையை ஆரம்பித்திருந்தேன். மண்ணெண்ணெய் கேனைத் திறந்ததும் குமட்டிக்கொண்டு வந்தது. மறுநாளும் அப்படியே. எவனோ கலப்படம் செய்து விற்றுவிட்டான் என்று கடைக்காரனோடு சண்டைக்கே கிளம்பிவிட்டேன். மருந்துக்கடை நடத்துகிற என் வீட்டுக்காரருக்கு மட்டும் சந்தேகம் வந்து, "முதல்ல டாக்டரைப் பாப்போம், அப்புறம் கடைக்காரன்கிட்ட சண்டை போடலாம்" என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்ததும் ஷெட்டைப் பூட்டிச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். வழியெல்லாம் சிரித்தபடி வந்தது நினைவிருக்கிறது.

ஜனவரியில் எல்லாம் முடிந்துபோனது. ஐந்தாம் மாதம். பெண் குழந்தை.

இன்று கேனைத் திறந்து மூக்கை வைத்துப் பார்த்தேன். குமட்டவில்லை. வெறும் மண்ணெண்ணெய் வாசனை, அவ்வளவுதான். இன்னொரு தரமும் முகர்ந்தேன். அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. கேனை மூடிவிட்டு வந்து துணி மடித்தேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

டீசல் சோதனை. காலையில் பங்க்கில் பிடித்துக்கொண்டு வந்து, ஆயில் கலந்து, கையோடு ஓட்டினேன். ஒரு செம்பு அளவுதான் இருக்கும் இந்த எஞ்சின். போடுகிற சத்தம் தெருவுக்கே கேட்கும். இதற்குத் தனியாக ஆயில் கிடையாது. இருபது பங்கு எரிபொருளுக்கு ஒரு பங்கு ஆயில் கலந்துவிட வேண்டும், அதுதான் பேரிங்குக்குப் போய்ச் சேரும். மறந்தால் பேரிங் போச்சு, அதோடு எஞ்சினும் போச்சு.

பற்றிக்கொள்ளக் கொஞ்சம் முரண்டு பிடித்தது. அப்புறம் ஒழுங்காக ஓடியது. நாற்றம் கையைவிட்டுப் போகவில்லை.

இவர் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்குள் இப்போது இருக்கிற பேச்செல்லாம் சாவி எங்கே, சாப்பிட்டாச்சா, தண்ணீர் வந்ததா.

பிப்ரவரி 11, புதன்

அக்கா போன். தனக்குத் தெரிந்த கண்ணாடிக் கடையில் வேலை சொல்லி வைத்திருக்கிறாளாம். "வந்து இங்கேயே இருந்துடு. அந்த வீட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டு சுவரைப் பாத்தா என்ன ஆகும்?" சரி என்றேன்.

இவர் பக்கத்து அறையில்தான் இருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கும். திரும்பி வருவாயா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு

மண்ணெண்ணெய்ச் சோதனை. நேற்றே கலந்து ஷெட்டில் வைத்திருந்தேன். குப்பென்று வெள்ளைப் புகை. மூன்றாம் தடவைதான் பற்றியது. ஓடும்போதும் புகைதான். மண்ணெண்ணெய் இப்படிப் புகையக் கூடாதே. டீசல் புகைந்தால் அர்த்தம் உண்டு.

தண்ணீர் சேர்ந்திருக்குமோ?

பிப்ரவரி 17, செவ்வாய்

பால் பொங்கி அடுப்பு அணைந்திருக்கிறது. கேஸ் பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. நான் அதே அறையில்தான் இருந்தேன். இவர் ஓடி வந்து மூடி ஜன்னலைத் திறந்தார். அணைத்துவிட்டேனே என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டுக் கடைக்குப் போனார்.

பிப்ரவரி 22, ஞாயிறு

புதுக் கேன் மண்ணெண்ணெய். வடிகட்டி ஊற்றி, நேற்றே ஆயில் கலந்து வைத்தேன். ஃபில்டர் மாற்றினேன். வாரம் முழுக்கச் சாயங்காலங்களில் பம்ப்பைப் பிரித்துத் துடைத்து மாட்டினேன். அதே புகை. உள்ளே கரி வேறு படிந்திருக்கிறது.

சரி, டீசல்தான். யார் தடுத்தார்கள்.

பிப்ரவரி 24, செவ்வாய்

டீசல் என்று சொன்னதும் செயலருக்கு ஒரே சந்தோஷம். தெருமுனை பங்க்கிலேயே வேலை முடிந்துவிடும் என்றார். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. சனிக்கிழமை கடைசியாக ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு உறுதியாகச் சொல்கிறேன் என்றேன்.

பெட்டி அடுக்கியாயிற்று. குளிர்காலத் துணியையும் எடுத்து வைத்தேன். அதை இவர் பார்த்தார்.

பிப்ரவரி 28, சனி

கையில் இன்னும் எண்ணெய்ப் பிசுக்கு. தாள் கறைபட்டால் படட்டும்.

காலையில் மண்ணெண்ணெய் கேனில் ஆயில் கலந்து மூடிவிட்டு, காதுமூடி எடுக்க உள்ளே போனேன். திரும்பி வந்தால் இவர் கேனைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கையில் மருந்துக்கடை அளவுக் குடுவை. அதில் என் ஆயில். சிரப் அளப்பதுபோல் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்து, ஒரு சொட்டுக் குறைத்து, கேனுக்குள் ஊற்றுகிறார்.

என்ன செய்கிறீர்கள் என்றேன். பிடிபட்ட திருடன் மாதிரி முழித்தார். நீ ஊற்ற மறந்திருப்பாயோ என்று நினைத்தேன் என்றார். போன வாரம்? போன வாரமும். அதற்கு முந்தின வாரம்? தலையை ஆட்டினார். டீசலை நான் வாங்கின கையோடு ஓட்டிவிடுவதால் அது மட்டும் இவரிடமிருந்து தப்பியிருக்கிறது. ஆயில் இரட்டிப்பானால் புகையாமல் என்ன செய்யும்?

எங்கிருந்து வந்ததோ அப்படி ஒரு கோபம். கத்தினேன். ரெண்டு வாரமா மண்ணெண்ணெய் மேல பழி போட்டுக்கிட்டிருக்கேன், பம்ப்பைப் பிரிச்சுப் போட்டுத் தேடறேன், மருந்துக்கடை வெச்சிருக்கிற மனுஷன் டபுள் டோஸ் குடுப்பாரா, ஒரு வார்த்தை கேட்டா என்ன, வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா — இன்னும் என்னென்னவோ. ஜனவரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லாத பழைய கணக்கெல்லாம் வந்தது. இவர் குடுவையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றார்.

நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது சொன்னார்:

"கேட்டா ஊத்திட்டேன்னு சொல்லுவே. அடுப்பையும் அணைச்சிட்டேன்னுதான் சொன்னே."

அப்புறம் குடுவையைக் கீழே வைத்துவிட்டு:

"குழந்தை போனதுல இருந்து உனக்கு என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியல. அதைப் பத்திப் பேசினா அழுதுடுவியோன்னு பயமா இருந்துச்சு. நீ அழாம இருக்கிறது அதைவிடப் பயமா இருந்துச்சு. இந்த எஞ்சினையாவது உனக்குக் கெடாம பாத்துக்கலாம்னு நெனச்சேன்."

குழந்தை. ஜனவரியிலிருந்து இந்த வீட்டில் யாரும் சொல்லாத வார்த்தை. அக்காவுக்கு அது 'அந்த விஷயம்'. செயலருக்கு என் 'உடம்பு'. நானும்தான் சொல்லவில்லை.

ஷெட் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். பக்கத்து வீட்டம்மா மதில்மேல் எட்டிப் பார்க்கிற அளவுக்கு அழுதேன். இவரும் பக்கத்தில் உட்கார்ந்தார், எண்ணெய்க் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு. வெட்கமாக இல்லை. வலித்தது. நன்றாக வலித்தது.

சாயங்காலம் கேட்டார், "நாளைக்கு ஸ்டேஷனுக்கு எப்பக் கிளம்பணும்?"

சோதனை எல்லாம் வீணாகிவிட்டதே, முதலிலிருந்து செய்ய வேண்டாமா என்றேன்.

மார்ச் 1, ஞாயிறு

அக்காவிடம் இப்போது வரவில்லை என்று சொன்னேன். எண்ணெய்க்காகவா என்று கேட்டாள். எண்ணெய்க்காகத்தான் என்றேன். வைது தீர்த்துவிட்டாள்.

பெட்டியிலிருந்து துணியை எடுத்து அலமாரியில் வைத்தேன்.

மார்ச் 5, வியாழன்

இன்றும் அழுதேன். கடையில், தேய்க்கிற மெஷின் முன்னால். முதலாளி பையனை அனுப்பி எனக்கு டீ வாங்கி வரச் சொன்னார்.

மார்ச் 15, ஞாயிறு

மண்ணெண்ணெய்தான்.

போன ஞாயிறும் இன்றும் ஓட்டிப் பார்த்தாயிற்று. ஆயிலை இவர் ஊற்றினார், நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு பங்கு, ஒரே தடவை. முதல் முயற்சியிலேயே பற்றியது. புகை இல்லை. டீசலைவிடச் சீக்கிரம் வேகம் பிடிக்கிறது, உள்ளே கரியும் இல்லை. செயலரைக் கூப்பிட்டுச் சொன்னேன். டீசல் என்றாயே என்று இழுத்தார். அது டாக்டர் தப்பில்லை, மருந்துக்கடைக்காரர் தப்பு என்றேன். அவருக்குப் புரியவில்லை. இவர் முறைத்தார்.

எஞ்சின் ஆறுவதற்காக ஷெட்டில் உட்கார்ந்திருந்தோம். இவர் குடுவையைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"பொண்ணுக்கு என்ன பேர் நெனச்சு வெச்சிருந்தே?"

நான் நினைத்து வைத்திருந்தது இவருக்கு எப்படித் தெரியும்? யாரிடமும் சொன்னதில்லை. சொன்னேன். வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. நன்றாகத்தான் இருந்தது கேட்க. இவர் மெதுவாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்று கேட்டேன். இவரும் ஒன்று வைத்திருக்கிறார், டாக்டரிடம் போய்வந்த அன்றிலிருந்து. சொன்னார். எங்கே பிடித்தார் அப்படி ஒரு பேரை! பள்ளிக்கூடத்தில் வாசிக்கவே ரெண்டு நிமிஷம் ஆகும். பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். "உன்னோடது மட்டும் என்ன உசத்தியா?" என்று அவரும் சண்டைக்கு வந்துவிட்டார். சாப்பிடும்போதும் விடவில்லை. பாத்திரம் கழுவும்போதும் விடவில்லை. நடுவில் ஒரு தடவை ரெண்டு பேரும் அழுதோம், அப்புறம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம்.

பேர் இன்னும் முடிவாகவில்லை.